கனகராயன் ஆறும் கிளிநொச்சி நகரும்

ஆற்றங்கரையிலே நகர் எழுவது உலக வரலாற்றிற் புதியதன்று. போலந்து நாட்டின் விஸ்துலா நதிக்கரையிலுள்ள கசிமியெஷ் டொல்னி என்னும் சிறுநகர் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிலே தானிய வாணிகத்தாற் செழித்தது. உள்நாட்டு வயல்களில் விளைந்த தானியம் அந்நகரின் களஞ்சியங்களிற் குவிக்கப்பட்டு, ஆற்றின் வழியே வடக்கே பால்டிக் கடற்றுறையை அடைந்தது. ஓடும் நீரே அவ்வூருக்கு வாழ்வளித்தது. ஈழத்தின் வன்னிப் பெருநிலப்பரப்பில் அமைந்த கிளிநொச்சியும் ஓர் ஆற்றினால் உருவான நகரே. ஆயின் கனகராயன் ஆற்றில் ஓடம் செல்வதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அதனை நடந்தே கடக்கலாம். அந்த ஆற்றை மறித்து நிறுத்திய பின்னரே கிளிநொச்சி என்றொரு நகர் தோன்றிற்று. ஓடும் நீரின் வரலாறு வாணிகத்தின் வரலாறாக அமைவதுபோல, நிறுத்தி வைத்த நீரின் வரலாறு பங்கீட்டின் வரலாறாகவே அமையும். அப்பங்கீடு இன்றுவரை முடிவுறவில்லை.

கிளிநொச்சி என்றதும் இன்று பலருக்கும் நினைவில் எழுவது போர் ஒன்றே. அஃது இயல்பே எனினும், அந்நகரின் வரலாற்றைப் போரில் தொடங்கிப் போரில் முடித்துவிடுவது பெரும் பிழையாகும். வேறு சிலர் அதனை வரலாறற்ற குடியேற்றப் பட்டினம் என்பர். அக்கூற்றும் முழுவதும் பொருந்துவதன்று.

வவுனியாவின் வடபால் உள்ள காட்டுப் பகுதியில் தோன்றும் கனகராயன் ஆறு, வடதிசை நோக்கி ஓடிக் கனகராயன்குளம், மாங்குளம் ஆகிய ஊர்களை அண்டிய நிலங்களின் நீரைச் சேர்த்துக்கொண்டு இரணைமடுவை அடைகின்றது. அங்கிருந்து வடகிழக்காகச் சென்று, ஆனையிறவுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று மழையே அதன் உயிர். ஐப்பசியில் தொடங்கும் மழை மார்கழியில் உச்சமடையும்போது ஆறு கரைபுரளும்; தையோடு மழை ஓய, பங்குனியில் மணற்படுகை தெரியத் தொடங்கும். பின்னர் ஆடி, ஆவணியில் வீசும் வரண்ட கச்சான் காற்றில் அப்படுகையிலே ஆடுமாடுகள் நடந்து செல்லும். கரையோரத்து மருதமரங்கள் மட்டும் பச்சை மாறாமல் நின்று, ஆறு செல்லும் வழியைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த உலர்வலயக் காடு.

இத்தகைய ஆற்றை நம்பி வாழ விரும்புவோர் மாரிக்காலத்து வெள்ளத்தைக் கோடைக்காலத்துக்கெனச் சேமித்தேயாக வேண்டும். வன்னியின் ஊர்ப்பெயர்களில் குளம், மடு, மோட்டை என முடிவன எத்துணை என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு, அங்கு வாழ்ந்த மக்கள் இவ்வுண்மையை எத்துணைத் தொன்மையிலேயே உணர்ந்திருந்தனர் என்பது புலனாகும்.

மனித வாழ்வின் தடயங்கள் குளங்களுக்கும் முற்பட்டவை. இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தை ஆராய்ந்த சிரான் தெரணியகல, கற்கருவிகள் காணப்படும் பழைய சரளைப் படிவுகளையும் அவற்றின்மேற் படிந்த செம்மணலையும் ‘இரணைமடுப் படிவம்’ என்னும் பெயரால் வழங்கினார். தென்கோடியிலுள்ள பூந்தலவில் அத்தகைய படிவுகள் காணப்படும்போதும் அவற்றுக்கு இரணைமடுவின் பெயரே வழங்குகின்றது. இற்றைக்கு ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முன் இத்தீவில் மனிதர் வாழ்ந்தமைக்கு அப்படிவுகள் சான்று தருவன என்பது அவர் கொள்கை. வரலாறற்ற நிலம் எனப்பட்டதன் பெயர், ஒரு தீவு முழுவதன் தொல்வரலாற்றுக்கும் அளவுகோலாகி நிற்பது நகைமுரணே.

நகருக்கு அண்மையிலுள்ள உருத்திரபுரத்துச் சிவன் கோயில் தொன்மை வாய்ந்தது என மரபு கூறும். மேற்கே பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரத்தினம் மேற்கொண்ட தொல்லியல் ஆய்வுகள், தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டுடன் இப்பகுதிக்கு இருந்த தொடர்பைப் புலப்படுத்தின. ஆதலின் ஆற்றுப் படுகையும் அதனைச் சூழ்ந்த நிலமும் மிகப் பழைமையானவை. நகர் மட்டுமே புதியது. அதன் பெயர் கிளிகள் மிகுந்த நொச்சிக்காடு என்ற பொருளில் எழுந்தது என்பர். பெயரிட்டவர் எவராயினும் அவர் கண்டது கடைத்தெரு அன்று என்பது மட்டும் தெளிவு.

இடைக்காலத்தில் வன்னி நிலம் வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களின் ஆட்சியில் இருந்தது. யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின்னரும் இத்தலைவர்கள் முற்றாகப் பணிந்தாரல்லர். ஒல்லாந்தர் காலத்தில் அவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்த வேண்டியிருந்தது. செலுத்தாது விட்ட ஆண்டுகளும் உண்டு. 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவில் முறியடிக்கப்பட்டதோடு வன்னிமைகளின் அரசியல் வலு ஒடுங்கிற்று. அதன் பின் வந்த நூற்றாண்டு வன்னிக்குக் கொடிய காலம். உடைந்த குளங்கள் கட்டப்படவில்லை. மலேரியாவும் பறங்கி நோயும் ஊர்களைத் தின்றன. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டைப் படிப்போர், காடு மூடிய குளங்களையும் குறைந்து செல்லும் மக்களையுமே பக்கந்தோறும் காண்பர்.

இந்நிலையிலேதான் ஹென்றி பாக்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885 இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆற்றை மறித்து ஒரு பெருங்குளம் அமைத்தால் ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் பாய்ச்சலாம் என்பது அவர் கணக்கு. பண்டைய இலங்கை பற்றிப் பின்னர் பெருநூல் எழுதிய அவர், பழைய குளங்களின் அமைப்பை நுணுகிக் கற்றவர். அவர் தெரிந்த இடத்தில் முன்னரே இரு சிறு நீர்நிலைகள் இருந்தன. இரட்டை மடுக்கள் என்னும் பொருள்பட வழங்கிய இரணைமடு என்ற பெயரே, அவ்விரண்டையும் விழுங்கிய பெருங்குளத்துக்கும் நிலைத்தது.

திட்டம் ஏட்டில் எழுதப்பட்டது 1885 இல்; வேலை தொடங்கியது 1902 இல்; முதற்கட்டம் நிறைவெய்தியதோ 1920 அளவில். இவ்விடைக்காலத்தில் வன்னிக் காட்டின் தனிமையைக் குலைத்த மற்றொரு நிகழ்ச்சி புகையிரதத்தின் வருகை. 1905 சனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்க வந்த லெனாட் வூல்ஃப் என்னும் இளைஞர் (பிற்காலத்தில் ‘காட்டிலே ஓர் ஊர்’ என்ற கருத்தில் தலைப்பமைந்த ஆங்கில நாவலை எழுதியவர்), அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை மாட்டு வண்டியிலே வர நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இருப்புப்பாதை முழுமையுற்றது. வண்டி மாடு நாட்கணக்கில் நடந்த தூரத்தை அதன்பின் புகைவண்டி சில மணி நேரத்திற் கடந்தது. காட்டை ஊடறுத்துச் சாலையும் இருப்புப்பாதையும் வந்தன. அருகே நீர் நிறைந்தது. மனிதர் மட்டும் வரவில்லை. குளம் நிறைந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் கீழ் நிலங்களில் குடியேற யாழ்ப்பாணத்தார் தயங்கினர். காய்ச்சலின் அச்சம் அத்தகையது.

1936 இல் அரசாங்கம் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கிற்று. நகரின் பிறப்பாண்டு எனக் கொள்ளத்தக்கது இதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கடியும் வேலையின்மையும் அதற்குக் காரணங்களாயின. உலகப் பொருளாதார மந்தத்தால் மலாயா நாட்டு உத்தியோகங்கள் சுருங்கிய காலம் அது. கடல்கடந்து எழுதுவினைஞராகச் செல்ல எண்ணியிருந்த தலைமுறையை அலைகரைக்கும் வயல்வரம்புக்கும் அழைத்த திட்டம் அது என்றால் மிகையன்று. முதல் ஆண்டுகளில் வந்தோருட் பலர் காய்ச்சலோடு திரும்பிச் சென்றனர். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா தணிந்த பின்னரே குடியேற்றம் வேரூன்றிற்று. வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம், கனகபுரம், திருவையாறு என ஊர்கள் பெருகின. மக்கள் பெருகப் பெருக நீரின் தேவையும் பெருகியமையால், 1948 முதல் 1977 வரையான காலத்தில் அணை மும்முறை உயர்த்தப்பட்டு, குளத்தின் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடி ஆயிற்று. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும் ஆனையிறவில் உப்பளமும் இயங்கின. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே விளங்கிய கிளிநொச்சி, 1984 இல் தனி மாவட்டமாகி அதன் தலைநகருமாயிற்று.

இக்குளத்தின் நீர் பங்கிடப்படும் முறை சிறிது விரித்துக் கூறத்தக்கது. மாரி மழையோடு செய்யும் காலபோகத்துக்கு வானமே பாதி நீரை வழங்கிவிடும். குறை நேரும்போது மட்டும் துரிசு திறந்தாற் போதும். கோடையில் செய்யும் சிறுபோகம் முற்றாகக் குளத்தையே நம்பியது. கீழுள்ள வயல் முழுவதற்கும் சிறுபோகத்தில் நீர் போதாது. ஆகவே மாரி ஓய்ந்ததும் அரச அதிகாரிகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், அவ்வாண்டு குளத்தில் நிற்கும் நீரின் அடிக்கணக்குக்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது என முடிவு செய்வர். நீர் குறைந்த ஆண்டில் ஒருவர் தம் காணியின் ஒரு பங்கை மட்டுமே விதைக்கலாம். ஒருவருக்குரிய பங்கை மற்றவர் குத்தகைக்கு எடுப்பதும், வாய்க்காலின் தலைப்பில் உள்ளோர் கூடுதலாக நீர் எடுத்தனர் எனக் கடைக்கோடியில் உள்ளோர் முறையிடுவதும் அங்கு வழமை. நகரின் அரசியல் மேடைகளிற் பேசப்படுவதைக் காட்டிலும் இக்கூட்டங்களிற் பேசப்படுவதே மக்களின் சோற்றைத் தீர்மானிக்கின்றது எனலாம்.

இப்பங்கீட்டுக்குப் புறத்தே நின்றவர்களும் உளர். மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்கள், 1958 இலும் சிறப்பாக 1977 இலும் நிகழ்ந்த இனக்கலவரங்களின் பின் தஞ்சந்தேடி வன்னிக்கு வந்தனர். கிளிநொச்சியின் வயல்களில் நாற்று நட்டதிலும், களை பிடுங்கியதிலும், கதிர் அறுத்ததிலும், காடு வெட்டியதிலும் அவர்தம் பங்கு பெரிது. ஆயினும் அவர்கள் குடியமர்ந்த பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய ஊர்கள் வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்கள். குளத்துக்கு மிக அருகில் வாழ்ந்தும் குளத்து நீரில் உரிமையற்றவராக அவர்கள் இருந்தனர். நீரின் உரிமை காணியோடு பிணைக்கப்பட்டது. காணியோ முன்னரே பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது. கிளிநொச்சியின் வளத்தைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் இதனைத் தவிர்த்தே செல்வர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஏழைக்கும் மலையகத்திலிருந்து வந்த ஏழைக்கும் இடையே நாற்பதாண்டுகள் என்னும் கால வேறுபாடு மூன்று ஏக்கர் வயலாகவும் வெறுங்காணியாகவும் விளைந்தது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே கூறலாம். ஏனைய பல நூல்கள் அதனை விரித்துள்ளன. 1995 இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடல் கடந்து வன்னியை அடைந்தபோது கிளிநொச்சி அவர்களை ஏற்றது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அந்நகரே இராணுவத்தின் வசமாயிற்று; மக்கள் காட்டோரங்களிற் குடிசையிட்டனர். 1998 செப்டெம்பர் இறுதியில் விடுதலைப்புலிகள் நகரை மீளக் கைப்பற்றினர். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமாகி ஏ-9 நெடுஞ்சாலையும் திறக்கப்பட, அவர்களின் நிருவாகத் தலைமையிடமாக உலகச் செய்திகளில் இடம்பெற்றது அந்நகர். 2009 சனவரி 2 இல் இராணுவம் மீண்டும் அதனுட் புகுந்தபோது அங்கு மக்கள் இருக்கவில்லை. கூரைத் தகடுகளைக்கூடக் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கிழக்கே சென்றிருந்தனர். அப்பயணம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. எஞ்சியோர் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்து, பின்னரே கட்டங்கட்டமாகத் திரும்பினர்.

திரும்பியோருக்கு வீடும் இல்லை, மாடும் இல்லை. இருந்தது குளம். அணை சேதமுற்று வாய்க்கால்கள் தூர்ந்திருந்தபோதும் நீர் நின்றது. பதின்மூன்று ஆண்டுகளுள் இந்நகர் இருமுறை வெறுமையாகி இருமுறையும் மக்கள் அதே இடத்துக்கே மீண்டமைக்கு, பிறந்த மண்ணின் பற்று ஒரு காரணமாயின், துரிசைத் திறந்தால் விதைக்கலாம் என்ற நம்பிக்கை மற்றொன்று. 2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை எட்டியது.

இன்று கிளிநொச்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏ-9 சாலையில் பேருந்து நிற்கும் சில நிமிடங்களிலேயே அதனைப் பார்த்து முடிக்கின்றனர். போர் ஓய்ந்தபின் பல ஆண்டுகளாக அச்சாலையோரத்தில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியைப் படம் பிடிக்கத் தென்னிலங்கையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தோர், நீர் எங்கிருந்து வந்தது எனக் கேட்டு இரணைமடு வரை சென்றனரோ என்பது ஐயமே. காணத்தக்க இடம் அதுவே. மாலைப்பொழுதில் அணைமீது நடப்போர்க்கு ஒருபுறம் காடு சூழ்ந்த கடல்போன்ற நீர்ப்பரப்பும், மறுபுறம் கண்ணெட்டும் தொலைவுவரை வயலும் தென்னையும் தெரியும். விரால் பிடிக்கும் தோணிகள் கரையேறும். மாரியில் குளம் நிறைந்து வான் பாயும்போது ஊரே அங்கு திரளும்.

தெற்கே சிறிது தொலைவிலுள்ள முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில், சாலையிற் செல்லும் ஊர்திகள் நின்று தேங்காய் உடைத்தே செல்லும். அங்கு விற்கும் கச்சான் கடலையை வாங்காது சென்றோர் அரியர். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலின் பங்குனிப் பொங்கல் வன்னி மக்கள் பெருந்தொகையாகத் திரளும் விழா. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் அமைந்துள்ளன. ஆற்றின் முகத்துவாரமாகிய சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் புகலிடமாக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவாயிற்று. வடதிசையிலிருந்து வரும் பறவைகளும் பூநாரைக் கூட்டங்களும் ஆழங்குறைந்த உவர்நீரில் நிற்கும் காட்சி, காலையிற் செல்வோர்க்கே முழுமையாகக் கிட்டும்.

ஆற்று நீர் இவ்வாறு உவர்நீரிற் கலப்பதை வீண் எனக் கருதியோரும் உளர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் வகுத்த திட்டத்தின்படி, ஆனையிறவுக் கடனீரேரி கடலிலிருந்து அணையிட்டுப் பிரிக்கப்பட்டு, கனகராயன் ஆற்றின் எஞ்சிய நீரால் நன்னீராக்கப்பட்டு, வாய்க்கால் வழியே வடமராட்சிக்கும் அப்பாலும் செல்லும். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எனப் போற்றப்பட்ட அத்திட்டம் தொடங்கப்பட்டும் நிறைவேறவில்லை. அதன் சிறப்பு, குளத்திலிருந்து ஒரு துளியும் கேளாமல் கடலுக்குச் செல்வதை மட்டுமே கேட்டமை.

பின்னர் வந்த திட்டம் குளத்தையே கேட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010ஐ அடுத்த ஆண்டுகளில் முன்னெடுக்கப்பட்ட குடிநீர்த் திட்டம், இரணைமடுவின் அணையை உயர்த்தி, அதன் நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழி கொண்டுசெல்ல எண்ணிற்று. குடாநாட்டின் சுண்ணக்கற் படுகையிலுள்ள கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது மறுக்கவியலாத உண்மை. ஆயினும் சிறுபோகத்துக்கே பங்கிட்டுப் பங்கிட்டு நீர் பெறும் கமக்காரர் இதனை எதிர்த்தனர். தாகத்துக்கு நீர் தர மறுப்பது அறமா என்று ஒரு சாராரும், வயலை வரளவிட்டு அயலூருக்கு நீர் ஈவது யார் செலவில் என்று மறுசாராரும் வினவினர். இரு வினாக்களும் நேர்மையானவையே. குடாநாட்டில் ஏழை, செல்வர் இருவர் கிணறும் கெட்டதெனினும், குளத்து நீர் குறைந்தால் அங்கு நட்டமடைவோர் மூன்று ஏக்கர்க் கமக்காரரே என்பதனால் பின்னவரின் வினாவே வலுவுடையது எனத் தோன்றுகின்றது.

அணை இரண்டடி உயர்த்தப்பட்டு, கொள்ளளவு 148 மில்லியன் கனமீற்றராகி, 2018 டிசெம்பரில் விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. அம்மாதமே பெருமழை பெய்ய, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வாதம் நெடுநாள் நீடித்தது. யாழ்ப்பாணத்தின் தாகத்துக்கு மாற்றாக, கீழைக் கரையிலுள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. கமக்காரரின் அச்சம் ஓரளவு தணிந்தது.

ஆனால் அவ்வாதங்கள் நிகழ்ந்த ஆண்டுகளிலெல்லாம், மேடைகளிலே கிளிநொச்சியும் யாழ்ப்பாணமுமே பேசின. பாரதிபுரத்து மேட்டுக்காணிகளின் பெயர் அக்கணக்குகளில் அரிதாகவே எழுந்தது. துரிசு திறந்து வாய்க்காலில் நீர் வரும் நாளிலே, அவ்வூரார் முன்போலவே கூலிக்கு நாற்று நடப் பிறர் வயலுக்குச் செல்கின்றனர்.